ஷூவைக் கழற்றச் சொன்ன நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு ஹெல்மெட்டும், ஒரு மஞ்சள் சட்டையும், கையை நீட்டி எடுத்துக்கொள்ள ஓர் உறுதிமொழியும் கொடுத்திருப்பார்கள். ஹெல்மெட்டையும் சட்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உறுதிமொழியை மறந்துவிடலாம். அதைக் கொடுத்தவர்களுக்கே அது நினைவில் இல்லை.

கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ரசாயனக் குடோன்களில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாதுகாப்பு வார விழாக்கள் எனக்கு அலுத்துப்போகும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். பலூன் விடுவார்கள். ஓவியப் போட்டி நடத்துவார்கள். எரியும் திரவம் கூரைவரை அடுக்கியிருந்த குடோனின் வாசலில் ஐந்து முகக் குத்துவிளக்கு ஏற்றி விழாவைத் தொடங்கிவைத்த ஒரு டைரக்டரையும் பார்த்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வால்வு, பம்ப், லேபிள் இவற்றையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எந்த இடத்தில் யார் சொல்வதைக் கேட்கக்கூடாது என்பதைச் சொல்லித் தர மாட்டார்கள். சொல்லித் தருபவர்களே அந்த 'யார்' என்பதால் அது நியாயம்தான். அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அக்ரிலோநைட்ரைல், சுருக்கமாக ஏ.சி.என்., என்று ஒரு திரவம். செயற்கை ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் அக்ரிலிக் நூலுக்கும் வேண்டிய சரக்கு. பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். வெங்காயமும் பூண்டும் கலந்த ஒரு வாடை. எங்கள் குடோன் ஆட்கள் அதற்கு 'பெயாஜ் தேல்', அதாவது வெங்காய எண்ணெய் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ பக்கோடா சுடுகிற சமாசாரம் என்றுதான் தோன்றும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து, எங்கோ இருக்கிற நெருப்பைத் தேடிப் பிடித்து, பற்றிக்கொண்டு திரும்பி வரும். அது பாதிதான். மீதிப் பாதி, அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், போன பிறகு உள்ளே சயனைடாக மாறும். உடனே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் நன்றாக நடமாட விடும். இந்தக் கொஞ்ச நேரம்தான் அதிகம் படித்தவர்களைக் கொல்கிறது.

எங்கள் மேனேஜர் சேஷாத்ரி. லேக் கார்டன்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கியவர். நான் கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து, பெஹாலாவில் குடித்தனம் செய்பவள். குடோனில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். மற்றவர்களுக்கு எதிரில் அவர் இங்கிலீஷோ பெங்காலியோதான் பேசுவார். என்னைத் திட்ட வேண்டுமென்றால் தமிழுக்கு வருவார்.

பாதுகாப்பைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. 'கிச்சு ஹோபே நா.' ஒன்றும் ஆகாது. இந்த ஊரில் பஸ் படியில் தொங்குகிறவனிலிருந்து பாலம் கட்டுகிறவன்வரை எல்லோரும் சொல்வதுதான். அவர் அதைக் கோட்டு போட்டுக்கொண்டு சொல்வார், அவ்வளவுதான் வித்தியாசம். மாற்று மருந்து ஒன்று வாங்கி வைக்கலாம் என்று நான் கேட்டபோது, "யார் ஊசி போடறது, நீங்களா?" என்றார். ரப்பர் கையுறைகள் வாங்கினார். நல்ல கையுறைகள், குறை சொல்ல மாட்டேன். அவற்றை ஆபீஸ் அறையில் கண்ணாடி பீரோவில் வைத்து, வருகிறவர்கள் பார்க்கும்படி விளக்குப் போட்டு, பூட்டிச் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

மழைக்காலம். இரவெல்லாம் பெய்து குடோனின் பின்பக்கத் தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கிடர்பூரில் அது அதிசயமில்லை. அன்று ஒரு பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து மூன்று பேர் குடோனைப் பார்வையிட வருவதாக இருந்தது. கேட்டில் மாலை, ஆபீஸில் காஜு என்கிற முந்திரி, சந்தேஷ் இனிப்பு எல்லாம் தயார்.

நான் கேட்டுக்குள் நுழைந்ததும் வெங்காய வாடை வந்தது. ஐந்தாறு அடி நடந்தேன், குறைந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தேன், வாடையே இல்லை. இந்த இடத்தில்தான் எல்லோரும் 'போயிடுச்சு' என்று நிம்மதியாக மூச்சு விடுவார்கள். போனது வாடை இல்லை, மூக்கு. இந்தத் திரவம் மூக்குக்குத் தெரியவரும்போதே அளவு மீறியிருக்கும். அப்புறம் மூக்கும் களைத்துப்போய்ச் சும்மா இருந்துவிடும். "என் மூக்கு பொய் சொல்லாது" என்று மார்தட்டிய பல பேரைத் தெரியும். மூக்கைப் போலப் பொய் சொல்கிற உறுப்பு உடம்பில் வேறு இல்லை.

சுமை ஏற்றுகிற ஆட்களுக்குத் தலைவரான ஹல்தார் குடோன் கதவருகே நின்றிருந்தார். கழுத்துத் துண்டை மூக்கில் கட்டியிருந்தார். துண்டு கொசுவைத் தடுக்கும். வாசற்படியில் இரண்டு சுமையாட்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹல்தார்-தா, என்ன கொட்டியிருக்கு?" தா என்றால் அண்ணன். அவருக்கு நான் தீதி, அதாவது அக்கா.

"ஒண்ணும் இல்ல தீதி. மழைத்தண்ணி. கொஞ்சம் வாடை. ஃபேன் போட்டா போயிடும்." சொல்லிக்கொண்டே எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"கைய எடுங்க."

நான் கத்தவில்லை. ஆனாலும் அந்தக் கை அப்படியே நின்றது. சாதாரண சுவிட்சில் தட்டும்போது ஒரு சிறு பொறி வரும். வீட்டில் அது யாரையும் ஒன்றும் செய்யாது. அங்கே அந்தப் பொறி போதும், நாங்கள் யாரும் இந்தக் கதையைச் சொல்ல மிஞ்சியிருக்க மாட்டோம். வாடையைப் போக்க ஃபேன் போடுவது எவ்வளவு இயல்பான யோசனை பாருங்கள். நெருக்கடியில் முதலில் தோன்றுகிற நல்ல யோசனையைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது, அதனால் ஆற்றுப் பக்கம் போகச் சொன்னேன். லாரிக்காரர்கள் யாரும் என்ஜினைத் தொடக்கூடாது, போன் பேசுவதென்றால் கேட்டுக்கு வெளியே போய்ப் பேச வேண்டும் என்றேன். கேட்டுக்கு வெளியே போய்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். திரவத்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். தலைவலி வந்த இருவரையும் தெருக்குழாயடிக்கு அனுப்பி, துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னேன். அவர்கள் கேள்வி கேட்கவில்லை. நடுத்தெருவில் கௌபீனத்தோடு நின்று குளித்தார்கள். குளித்ததும் ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இருவரும் சாயங்காலமே தலைவலியோடு வீடு திரும்பினார்கள். வேறொன்றும் ஆகவில்லை.

அடுத்தது நெருப்பு. குடோன் சாக்கடை பின்சுவருக்கு வெளியே போய்த் திறக்கிற இடத்தில் ஒரு டீக்கடை. மாலதி மாஷி நடத்துவது. மாஷி என்றால் இங்கே சித்தி, எல்லோருக்கும் அவர் சித்திதான். கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அந்தச் சாக்கடை வழியாக வாடை வந்துகொண்டிருந்தது. காற்றும் அந்தப் பக்கம்தான்.

"மாஷி, அடுப்ப அணைக்கணும். இப்பவே."

"இப்பதானே புடிச்சிருக்கு. எத்தன விசிறி விசிறினேன் தெரியுமா? ஒரு கெட்டில் போட்டுட்டு அணைக்கறேன்."

"கெட்டிலும் போடாதீங்க, அடுப்பத் தூக்கவும் தூக்காதீங்க. மூடணும்."

மணல் வாளிகள் சுவரில் வரிசையாகத் தொங்கின. சிவப்புப் பெயின்ட், வெள்ளை எழுத்து, எல்லாம் விருந்தாளிகளுக்காகப் புதிதாக அடித்தது. ஒன்றை இறக்கிப் பார்த்தேன். பாதிவரை பான் எச்சிலும் பீடித்துண்டும். இரண்டாவதும் அப்படியே. வெளியே பெயின்ட் அடித்தவனிடம் உள்ளே பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. நல்லவேளையாக மழை பெய்திருந்தது. நானும் மாஷியும் சாலையோரத்துச் சேற்றை வாரி வாரி அடுப்பின் மேல் போட்டோம். அடுப்பு புகையக்கூட இல்லாமல் அடங்கியது. மாஷி அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டுகளில் பாதி எனக்கு அர்த்தம் தெரியாதவை.

திரும்பி வந்து ஹல்தாரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"எந்த டிரம்?"

"எனக்கென்ன தெரியும் தீதி."

"தீயணைப்பு ஆளுங்க உள்ள போகப்போறாங்க. எங்கன்னு தெரியாம தேடிக்கிட்டு இருந்தா அவங்க சாவாங்க. எந்த டிரம்?"

அவர் ஆற்றைப் பார்த்தபடி சொன்னார். முந்தைய நாள் ஃபோர்க்லிஃப்டின் முள் ஒரு டிரம்மின் அடிப்பக்கம் குத்திவிட்டது. ஓட்டையைத் துணியால் அடைத்து, பின்வரிசைக்குள் தள்ளி, முன்னால் நல்ல டிரம்களை அடுக்கிவிட்டார்கள். விருந்தாளிகள் வருகிற நேரத்தில் டிரம் ஒழுகுகிறது என்று மேனேஜரிடம் யார் சொல்வது? சொன்னால் ஒழுகலை விட்டுவிட்டுச் சொன்னவரைத்தான் பிடிப்பார். இது தெரிந்து மறைத்த ஹல்தாரும் அயோக்கியர்தான், மறைக்கும்படி வைத்திருந்தவரும் அயோக்கியர்தான். யார் பெரியவர் என்று எனக்கு இன்றுவரை தீர்மானம் இல்லை.

அந்தச் சமயத்தில் சேஷாத்ரியின் கார் வந்தது. கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்லியிருந்தேன் என்பதே அவருக்கு முதல் கோபம். இறங்கி நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, டை, பளபளக்கும் பழுப்புத் தோல் ஷூ. ஆட்கள் எல்லோரும் ஆற்றோரமாகச் சும்மா நிற்பதைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு வேலையை நிறுத்தினேள்?"

"சார், ஏ.சி.என். டிரம் ஒழுகுது. தண்ணி மேல மிதக்குது. ஃபயர் சர்வீஸ் வந்துக்கிட்டிருக்கு."

"ஃபயர் சர்வீஸா? கெஸ்ட் வர்ற நாள்ல மணியடிச்சுண்டு சிவப்பு வண்டி வரணுமா? எங்கே நெருப்பு, காட்டுங்கோ பாக்கலாம்."

"நெருப்பு வரக்கூடாதுன்னுதான் கூப்பிட்டிருக்கேன்."

அவர் என்னை விலக்கிக்கொண்டு போனார். நான் குறுக்கே நின்றேன், தோளால் தள்ளிவிட்டுக் கதவைத் தாண்டினார். உள்ளே அந்தத் தண்ணீரில் இறங்கி, நடுவில் போய் நின்று, ஆட்கள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தார். பெங்காலியில் உரக்கச் சொன்னார்: "பாருங்கள், எனக்கு என்ன ஆயிற்று? நான் கெமிஸ்ட்ரி படித்தவன்."

கெமிஸ்ட்ரி படித்தவர். தண்ணீரைவிட இலேசான திரவம் தண்ணீரின் மேலே நிற்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கொட்டியதெல்லாம் மேலே ஒரு மெல்லிய ஏடாகப் பரவிக் கிடக்க, அதில் கணுக்கால்வரை நின்றுகொண்டு மனிதர் தைரியம் காட்டினார். இந்த மாதிரித் தைரியத்தை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். அது தைரியம் இல்லை. மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற போதை.

வெளியே வந்தார். ஷூ நனைந்து கறுத்திருந்தது.

"சார், ஷூவயும் சாக்ஸயும் இப்பவே கழட்டுங்க. பேன்ட்டயும். குழாயடில நல்லா கழுவணும். தோல் அத உறிஞ்சி வெச்சுக்கும். உங்க கால்ல இறங்கிக்கிட்டே இருக்கும்."

சிரித்தார். "கெஸ்ட் வர்ற நேரத்துல நான் கோமணத்தோட தெருவுல குளிக்கணுமா? உங்களுக்கு வேற வேலை இல்லே."

கேட்டில் கார் வந்து நின்றது. விருந்தாளிகள். அவர் முகம் மாறி, புன்னகை வந்து, கையை நீட்டிக்கொண்டே போய் அவர்களை ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனார். ஆபீஸ் கட்டிடம் ஆற்றுப் பக்கம், காற்று வருகிற திசையில் இருந்தது. அது ஒன்றுதான் நல்லது. ஆனால் ஆபத்தை அவர் காலிலேயே மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நான் எங்கே நிற்க வேண்டும்? நன்றாக யோசியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். குடோன் வாசலை விட்டு நகரக்கூடாது என்று விதி சொல்கிறது. தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. ஒரே ஒரு மடையன் பீடி பற்றவைத்தால் போதும். இன்னொரு பக்கம், ஒரு மனிதர் கால் வழியாக விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. நெருப்பு வரலாம், வராமலும் போகலாம். விஷம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. நடக்கக்கூடியதற்குக் காவல் வைக்கலாம், நடந்துகொண்டிருப்பதற்குக் காவல் வைக்க முடியாது.

ஹல்தாரைக் கதவுக்கு வெளியே எட்டத்தில் நிறுத்தினேன். "யாராவது உள்ள போனாலோ பீடி எடுத்தாலோ, டிரம்ம மறைச்சது யாருன்னு விசாரணைல முதல்ல சொல்லுவேன். நீங்க இங்க நல்லா நின்னா, ரெண்டாவதா சொல்லுவேன்." நல்ல மனம் வந்து காவல் காப்பார் என்று நான் நம்பவில்லை. பயந்தால் காப்பார் என்று நம்பினேன். காத்தார். தீயணைப்பு ஆட்கள் வந்ததும் டிரம் இருந்த இடத்தை அவரே சரியாகக் காட்டினார்.

ஆபீஸ் அறைக்குள் போனேன். ஜன்னலெல்லாம் சாத்தி ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. திரையில் 'விபத்தில்லா ஆண்டுகள்' என்று ஒரு படம். சேஷாத்ரி விளக்கிக்கொண்டிருந்தார். விருந்தாளிகளில் ஓர் அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "உங்கள் கேன்டீனில் இன்று வெங்காயம் அதிகம் போலிருக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூடிய அறையில், மேஜைக்கு அடியில், அந்த ஷூக்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. நாலு பேர் அதை மூச்சாக இழுத்து, காஜு தின்றுகொண்டிருந்தார்கள்.

ஏ.சி. அறையில் சேஷாத்ரியின் நெற்றி வேர்த்திருந்தது. ஒரு கையால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டே பேசினார். ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். அவருக்கு முன்னால் தலைவலி மாத்திரை ஒன்று பிரித்துக் கிடந்தது.

நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து தமிழில் சொன்னேன். "சார், தலைவலி ஆரம்பிச்சிடுச்சு இல்ல? ஷூவக் கழட்டிட்டு வெளிய வாங்க."

"மீட்டிங் முடியட்டும்."

"முடியறவரைக்கும் நீங்க இருக்கமாட்டீங்க சார்."

"சித்த வெளியில போறேளா?" பல்லைக் கடித்துக்கொண்டு, விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்.

இரண்டு தடவை மரியாதையாகச் சொல்லியாகிவிட்டது. நிமிர்ந்து நின்று, அறைக்கு முழுவதும் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னேன்: "இவர் ஷூவில் இருக்கிற திரவம் உடம்புக்குள் போய்ச் சயனைடாக மாறும். நீங்கள் முகர்வது வெங்காயம் இல்லை. எல்லோரும் வெளியே போங்கள்."

பாதுகாப்பைப் பற்றி அந்த அறையில் எத்தனையோ பேச்சு நடந்திருக்கிறது. ஒரே வார்த்தையில் அறை காலியானது அன்றுதான்.

சேஷாத்ரி என்னைத் திட்டத்தான் எழுந்தார். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. முட்டி மடிந்து நாற்காலியோடு சாய்ந்தார். மூச்சு வேகவேகமாக வாங்கியது.

அவருடைய டிரைவர் ரொபி ஓடிவந்தான். அவன் குனிந்து வெறுங்கையால் ஷூவைப் பிடிக்கப் போனான். "தொடாதே" என்று அவனை நிறுத்தினேன். கையுறை கண்ணாடி பீரோவில் விளக்கு வெளிச்சத்தில் அழகாகத் தெரிந்தது. சாவி கீழே கிடக்கிறவருடைய பேன்ட் பாக்கெட்டில், நனைந்த துணிக்கு நடுவில். மேஜை மேல் ஒரு பித்தளைப் பிள்ளையார் இருந்தார், பேப்பர் வெயிட் மாதிரி. ரொபி அவரை எடுத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கண்ணாடியை உடைத்தான்.

கையுறை போட்டு ஷூ, சாக்ஸ், பேன்ட் எல்லாவற்றையும் கழற்றினோம். பேன்ட்டைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருந்தது. பாதங்கள் சிவந்திருந்தன. வெளியே தாழ்வாரத்தில் கிடத்தி, ரொபி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். கழற்றியதையெல்லாம் இரும்பு டப்பாவில் போட்டு மூடி வெளியே வைத்தேன். தீயணைப்பு வண்டி அப்போது உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அவர்களிடம் ஆக்ஸிஜன் இருந்தது. அதை மூக்கில் வைத்து, அவர்கள் ஆம்புலன்ஸிலேயே ஏற்றினோம்.

பக்கத்து நர்ஸிங் ஹோமில் முதலில் நிறுத்தினார்கள். ஓர் இளம் டாக்டர் வந்து, வயிற்றை ஓர் அமுக்கு அமுக்கி, "கேஸ் ஹோயேச்சே" என்றார், அதாவது வெறும் வாயு. இந்த ஊரில் தலை வலித்தாலும் கேஸ், மார் வலித்தாலும் கேஸ். சயனைட் ஏறினாலும் கேஸ்தான். நான் அவரிடம் வாக்குவாதம் செய்யவில்லை. தெரியாதவனிடம் வாதாடி ஜெயிப்பதற்குள் நோயாளி போய்விடுவார். "மாற்று மருந்து இருக்கா, இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். "என்ன மாற்று மருந்து?" என்றார். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

போகிற வழியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். 'மயக்கம்', 'கெமிக்கல் வாடை' என்றெல்லாம் சொல்லவில்லை. திரவத்தின் பெயர், அது சயனைடாக மாறும் என்பது, தோல் வழியாக எவ்வளவு நேரம் போயிருக்கும் என்பது, இவ்வளவும் சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு டாக்டரம்மா வாசலிலேயே ஊசியோடு நின்றிருந்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "துணியெல்லாம் கழற்றியாகிவிட்டதா?" என் வேலைக்காலத்தில் யாரும் என்னிடம் கேட்ட புத்திசாலித்தனமான கேள்விகளில் அதுவும் ஒன்று.

மத்தியானத்துக்கு மேல் சேஷாத்ரியின் மனைவி வந்தார். மாமியை நான் பூஜை விழாவில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கதவு வழியாக அவரைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எதையாவது பேச வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

"அவரோட ஷூ எங்கேம்மா? புதுசு. பிள்ளை வாங்கி அனுப்பினது."

"அது இனிமே உதவாது மாமி. எரிக்கறதுக்கு ஒதுக்கி வெச்சாச்சு."

"தொடச்சு வெயில்ல வெச்சா போயிடாதோ?"

"தோல் குடிச்சத திருப்பிக் குடுக்காது."

அவர் தலையாட்டினார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், "ஆத்துக்கு வந்தா கட்டிலுக்கு அடியிலதான் வெப்பார். பேரன் அங்கேதான் தவழ்ந்துண்டிருப்பான்" என்றார். அதன் பிறகு அழ ஆரம்பித்தார். எனக்கு அன்று முழுவதும் இருந்த கோபம் அந்த ஓர் இடத்தில் மட்டும் இல்லாமல் போனது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் பிறகு திரும்பி வந்துவிட்டது.

யாரும் சாகவில்லை. தீயணைப்பு ஆட்கள் தளம் முழுவதும் நுரை போட்டு மூடி, ஓட்டை டிரம்மைப் பெரிய டிரம்முக்குள் இறக்கி எடுத்துப் போனார்கள். சேஷாத்ரி பிழைத்து வீட்டுக்குப் போனார், ஓய்வெடுத்தார், வேலைக்குத் திரும்பினார்.

விசாரணை நடந்தது. ஹல்தாரைப் பற்றி ஒரு கேள்வி. மணல் வாளியைப் பற்றி ஒன்றுமில்லை. என்னைப் பற்றி நிறைய. தலைமை ஆபீஸிலிருந்து வந்த பெரியவர் கேட்டார்: "ஒரு சீனியர் அதிகாரியை வாடிக்கையாளர்கள் எதிரில் அப்படி அவமானப்படுத்த வேண்டுமா? தனியாகச் சொல்லியிருக்கலாமே?"

"தனியாகச் சொன்னேன். தமிழில். இரண்டு தடவை."

பெரியவர் சேஷாத்ரியைப் பார்த்தார். சேஷாத்ரி மேஜையைப் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். மயங்கி விழுந்தவருக்கு ஞாபகம் இல்லாமல் போவது சகஜம் என்று பெரியவர் குறித்துக்கொண்டார். அவர் விழுவதற்கு முந்தைய பேச்சு அது என்று நான் சொன்னதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"சரி, அடுத்த முறை இப்படி வந்தால் எப்படி நடந்துகொள்வீர்கள்?"

"அடுத்த முறை தமிழில் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சரியாக நடந்துகொண்ட நாளில் உங்களுக்குப் பூங்கொத்து தர மாட்டார்கள். விபத்து நடந்திருந்தால் நீங்கள் தடுக்கவில்லை என்பார்கள், நடக்காவிட்டால் நீங்கள் பதறினீர்கள் என்பார்கள். இரண்டில் எது வேண்டும் என்று வேலைக்குச் சேரும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பதறியவள் என்ற பெயரோடு ஓய்வு பெற்றதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பத்துப் பதினைந்து நாளில் எனக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. 'நிதானமின்மை', 'கம்பெனியின் நற்பெயர்', 'மூத்த அதிகாரிகளிடம் நடந்துகொள்ளும் முறை' என்று நல்ல இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுக் கீழே பார்த்தேன். கையெழுத்துப் போட்டிருந்தவர் சேஷாத்ரிதான். இந்த விஷத்திலிருந்து பிழைக்கிறவர்கள் சிலருக்கு நரம்பு பாதித்துக் கை நடுங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் அந்தக் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கூர்ந்து பார்த்தேன். கோடு எங்கேயும் பிசகவில்லை. நடுக்கமே இல்லாமல், தெளிவாக, அழுத்திப் போட்டிருந்தார்.